வரகுக்கோழியைக் காப்பது எப்படி? – கேள்வி பதில்

வேளாண் நிலங்களை நம்பி வாழும் அருகிவரும் பறவைகளைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை வரகுக்கோழியைச் சுற்றியே அமைந்திருந்ததால், அப்பறவையை முன்வைத்தே பதில் எழுதியுள்ளேன்.

ஈரோட்டிலிருந்து ஓர் ஆசிரியர்: வரகுக்கோழி என்பது நம் ஊர்ப் பெயராக ஒலிக்கிறது. ஆனால் அது ராஜஸ்தான் பறவை என்கிறார்களே?

இரண்டும் சரிதான். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் புல்வெளிகளிலும் வயல்களிலும் அது இனப்பெருக்கம் செய்கிறது. மழைக்காலம் முடிந்தபின் தெற்கிலும் கிழக்கிலும் பரவிச் செல்கிறது. தென்னிந்தியாவில் அது தென்பட்டதைப் பழைய வேட்டைக் குறிப்புகள் பதிவு செய்திருக்கின்றன. தமிழில் பெயர் வைத்தவர் அதை வரகு வயலில் பார்த்தே வைத்திருக்க வேண்டும். இந்தியில் அதை 'கர்மோர்' என்பார்கள். புல் மயில் என்று பொருள் கொள்ளலாம். பயிரும் புல்லும் சேர்ந்ததே அதன் வீடு என்பதை இவ்விரண்டு பெயர்களுமே சொல்லிவிடுகின்றன.

மதுரையிலிருந்து ஒரு முதுகலை மாணவி: ஐயா, இத்தனை கூச்சமுள்ள பறவையை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்?

பயிருக்குள் நிற்கும் வரகுக்கோழியை நாம் பார்ப்பது அரிது. மழைக்காலத்தில் சேவல் தானாகவே தன்னைக் காட்டிக்கொள்வதால்தான் கணக்கெடுப்பே நடக்கிறது. அஜ்மீர் மாவட்டத்துச் சோகலியாப் பகுதியில் விடியற்காலையில் பாசிப்பயறு வயலோரம் நின்றால், தவளை கத்துவது போன்ற ஒரு குரலும் சிறகுகள் படபடக்கும் ஓசையும் கேட்கும். அதே நொடியில், கரிய உடலும் காதுக்குப் பின்னே நாடா போல வளைந்த இறகுகளும் கொண்ட சேவல், பயிருக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி மீண்டும் உள்ளே விழுந்து மறையும். ஒரு நாளில் ஐந்நூறு முறைக்கு மேலும் அது இப்படித் துள்ளக்கூடும். கோயம்புத்தூரிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தின் இயக்குநராக இருந்து 2009-இல் மறைந்த ரவி சங்கரன், 1980-களில் தொடங்கி இப்பறவையை ஆராய்ந்து, இன்றைய அறிவுக்கு அடித்தளம் இட்டவர்.

கணக்கில் வருபவை துள்ளும் சேவல்கள் மட்டுமே என்பதை மறக்கக் கூடாது. பேடுகள் கண்ணில் படுவது மிக அரிது. ஆகவே மொத்த எண்ணிக்கை எப்போதும் ஓர் ஊகத்தின் மேல் நிற்கிறது. மழை தவறிய ஆண்டில் சேவல்கள் துள்ளுவது குறையும். 'பறவை இல்லை' என்று எழுதிவிட்டு வரும் குழு, உண்மையில் மழை இல்லை என்பதைத்தான் கண்டறிந்திருக்கும். ஒரே இடத்துக்குப் பலமுறை சென்று, மழையளவையும் பயிரின் உயரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொண்டால்தான் அந்தத் தரவு திட்டமிடுவதற்குப் பயன்படும்.

சென்னையிலிருந்து ஒருவர்: நிலைமை அவ்வளவு மோசமா?

ஆம். 2000-ஆம் ஆண்டையொட்டிய மதிப்பீடு ஏறத்தாழ 3,500 பறவைகள்; 2017-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஒட்டி வந்த மதிப்பீடு எழுநூறுக்கும் குறைவு. 2021-இல், அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களைப் பட்டியலிடும் பன்னாட்டுச் செம்பட்டியலில் அது மிக அருகிய இனமாக மாற்றப்பட்டது. புல்வெளிகள் உழப்பட்டதும், மத்தியப் பிரதேசத்தில் சோளத்தின் இடத்தைச் சோயா பிடித்துக்கொண்டதும், பூச்சிமருந்தால் வெட்டுக்கிளிகளும் வண்டுகளும் குறைந்ததும், தெருநாய்கள் பெருகியதும் ஒன்றுசேர்ந்து அழுத்துகின்றன. ஒரே காரணத்தைச் சுட்டிக்காட்டுபவரை நான் நம்புவதில்லை.

திருநெல்வேலியிலிருந்து ஒருவர்: அப்படியானால் அந்தப் பகுதியைச் சரணாலயமாக அறிவித்துவிட்டால் போதாதா?

இந்தக் கேள்விக்குக் கரேரா என்ற ஊரே பதில் சொல்லும். மத்தியப் பிரதேசத்தின் சிவபுரி மாவட்டத்தில், வரகுக்கோழியின் உறவான கானமயிலுக்காக 1981-இல் அங்கே ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. எல்லைக்குள் உழவர்களின் சொந்த நிலங்களும் அடங்கியிருந்தன. நிலத்தை விற்கவோ வாங்கவோ முடியாமல் போனபோது, மகள் திருமணத்துக்கு நிலத்தை நம்பியிருந்தவருக்கு அந்தப் பறவை பகையாகிவிட்டது. 1990-களில் கானமயில் அங்கிருந்து மறைந்தே போயிற்று. வரகுக்கோழிக்காக 1983-இல் உருவான சர்தார்பூர் சரணாலயத்திலும் தனியார் நிலம் சேர்க்கப்பட்டதால் இதே மனக்கசப்பு எழுந்தது.

அரசுப் புல்வெளி இருக்கும் இடத்தில் சரணாலயம் பயன் தரும். குஜராத்தின் வேளாவதர் தேசியப் பூங்கா அதற்குச் சான்று. ஆனால் சோகலியாவில் பறவை வாழ்வது பெரும்பாலும் உழவரின் வயலில். அங்கே கோடு கிழித்துத் தடை போடுவதைவிட, உளுந்தும் பாசிப்பயறும் சோளமும் தொடர்ந்து விதைக்கப்படுவதற்கு என்ன வழி என்று கேட்பதே சரியான திட்டமிடல் என்பது என் கருத்து. சுரங்கத்துக்கு நிலம் போகாமல் பார்த்துக்கொள்வதும் அதில் அடங்கும்.

தாராபுரத்திலிருந்து ஓர் உழவர்: பறவைக்காக நான் நட்டப்பட முடியாது. என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

நட்டப்படுங்கள் என்று கேட்க எவருக்கும் உரிமை இல்லை. மத்தியப் பிரதேசத்தின் சைலானா பகுதியில் பறவை வந்திருப்பதைச் சொல்லி அதைக் காக்கும் உழவருக்கு வனத்துறை பரிசுத்தொகை வழங்கியது. அது நல்ல தொடக்கம். பேடு தரையில் மூன்று முதல் ஐந்து முட்டைகள் வரை இட்டு, ஏறத்தாழ மூன்று வாரம் தனியாகவே அடைகாக்கிறது. குஞ்சு ஓடித் தப்பிக்கச் சில நாள் தேவைப்படும். அந்த இடைவெளியில் அறுவடையைத் தள்ளிவைக்கும் உழவருக்கு இழப்பீடு உடனே கையில் கிடைக்க வேண்டும். ஆறு மாதம் அலையவிட்டால் அடுத்த ஆண்டு அவர் கூட்டைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

உங்கள் நிலத்தில் ஆட்காட்டியோ கௌதாரியோ வானம்பாடியோ தரையில் கூடு கட்டியிருக்கலாம். இயந்திர அறுவடையை ஓரத்திலிருந்து தொடங்கினால் பறவைகள் நடுவே சிக்கிக்கொள்ளும். நடுவிலிருந்து வெளிநோக்கி அறுத்தால் அவை ஓரத்துக்கு ஓடிவிடும். வரப்போரப் புல்லை முழுக்கச் சுரண்டாமல் ஒரு முழ அகலம் விட்டுவைப்பதற்கும் செலவில்லை.

கோவையிலிருந்து ஒரு புகைப்படக்காரர்: அரிய பறவையைக் கண்டால் இருப்பிடத்தைப் பகிரலாமா?

வேண்டாம். வனத்துறைக்கோ ஆய்வாளருக்கோ மட்டும் தெரிவியுங்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுச் சேவலை வரவழைக்கவும் கூடாது. பேட்டைக் கவர வேண்டிய அதன் நேரம் அதில் வீணாகிறது.

புதுச்சேரியிலிருந்து ஒருவர்: மின்கம்பிகளால் ஆபத்து என்கிறார்களே, கண் தெரியாதா?

தெரியும், ஆனால் கானமயில் குடும்பத்துப் பறவைகளின் கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் நேர் முன்னே தெரியும் பரப்பு குறுகலானது. பறக்கும்போது தலையைத் தாழ்த்தித் தரையைப் பார்த்தால் எதிரே உள்ள கம்பி கண்ணுக்கே வராது. உடல் கனமானதால் கானமயிலுக்குக் கடைசி நொடியில் விலகவும் முடிவதில்லை. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதன் வாழிடத்தில் கம்பிகளை நிலத்தடியில் பதிக்க உத்தரவிட்டு, 2024-இல் அதைத் திருத்தி வல்லுநர் குழுவிடம் விட்டது. எந்தத் தடத்தில் பறவை பறக்கிறது என்ற தரவு முன்பே கையில் இருந்தால், கம்பி போடும் முன்னரே பாதையை மாற்றச் சொல்லலாம். போட்ட பிறகு பேசுவது செலவு மிகுந்த வழக்காகிவிடுகிறது.