வாசகர் கேள்விகள்: வீட்டு வரி ரசீதோடு போங்கள்

கேள்வி: எங்கள் ஊர்ப்புற நூலகம் இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் திறக்கிறது. நான்கு பேப்பர் வந்த இடத்தில் ஒன்று வருகிறது. 'அரசு செலவைக் குறைக்கிறது, பக்கத்து ஊர் நூலகத்தோடு சேர்த்துவிடுவார்கள்' என்று பேசிக்கொள்கிறார்கள். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் இதை நம்பித்தான் இருக்கிறோம். ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு நாங்களே பேப்பர் வாங்கலாமா, மனுக் கொடுக்கலாமா ஐயா?
- வாசகி, பென்னாகரம் வட்டம்

பதில்: காசு போட வேண்டாம் அம்மா. அந்தத் தப்பை நாங்கள் செய்திருக்கிறோம். பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில் பேப்பர் நின்றபோது, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு வருஷம் இரண்டு பேப்பர் வரவழைத்தோம். சந்தோஷமாகத்தான் செய்தோம். மறு வருஷம் மனுவோடு போனால், 'நீங்கள்தான் பார்த்துக்கொள்கிறீர்களே, முடியாத ஊருக்கு முதலில் கொடுக்கிறோம்' என்றார் அதிகாரி. எங்களுக்கு வாய் வரவில்லை. நூலகத்துக்கு ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலர் ஆவது வேறு. அதற்கு ரசீது உண்டு, கணக்கில் ஏறும். அரசு தர வேண்டிய பேப்பருக்கு நாம் மாதாமாதம் காசு கொடுக்கத் தொடங்கினால், அது நம் தலையிலேயே நின்றுவிடும்.

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வாங்குகிற வரி இது. சுதந்திர இந்தியாவில் நூலகத்துக்கென்று வந்த முதல் சட்டம் அதுதான். ஊராட்சி இதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கட்ட வேண்டும். குடும்பமே பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கும் இந்த வரி உண்டு. ஒரு ஊரின் வரி நூலகர் சம்பளத்துக்குக்கூடக் காணாது, அது உண்மை. அதனால்தான் மாவட்டம் முழுவதும் வசூலித்துப் பொதுவில் வைக்கிறார்கள். ஆனாலும் 'பணம் இல்லை' என்று சொல்கிறவரிடம், நாங்கள் கட்டியது எங்கே என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அதை எழுத்தில் கேளுங்கள். வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாவட்ட நூலக அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எங்கள் ஊராட்சியிலிருந்து மூன்று வருஷத்தில் வந்த நூலக வரி எவ்வளவு, எங்கள் நூலகத்துக்கு வாங்கிய புத்தகம், பேப்பர் எவ்வளவு, திறக்கும் நாட்களைக் குறைக்கவோ நூலகத்தைச் சேர்க்கவோ போட்ட உத்தரவின் நகல். இந்த மூன்று போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். உத்தரவே இல்லை என்று பதில் வந்தால் அதைவிட நல்ல காகிதம் உங்களுக்குக் கிடைக்காது.

அப்புறம் வருகைப் பதிவேடு. எங்கள் ஊர் நூலகத்துக்கு 'நாளுக்கு நாலைந்து பேர்தான் வருகிறார்கள்' என்று மேலே எழுதிவிட்டார்கள். பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது. பால் ஊற்றிவிட்டு வந்து திண்ணையில் பேப்பர் பார்க்கிறவர் கையெழுத்துப் போடுவதில்லை. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் போடுவதில்லை. சந்தைக்கு வந்தவர் அரைமணி உட்கார்ந்துவிட்டு அப்படியே போய்விடுவார். நாங்கள் வாசலில் ஒரு பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்து, வருகிற ஒவ்வொருவரையும் 'பேர் எழுதிட்டுப் போங்க' என்று சொல்ல ஆரம்பித்தோம். இரண்டு மாதத்தில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதவில்லை. மூன்று நாளாகிவிட்ட எங்கள் நூலகம் மறுபடி ஆறு நாளானது அந்தப் பதிவேட்டால்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் ஏழெட்டுப் பேரும் தினமும் கையெழுத்துப் போடுகிறீர்களா? இன்றைக்கே தொடங்குங்கள். உறுப்பினராகாத வீடுகளில் ஆள் சேருங்கள்.

கிராம சபையில் இதைப் பேசினால் மட்டும் போதாது, தீர்மானமாக எழுத வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகே எழுந்திருங்கள். நகல் வாங்கி, திங்கட்கிழமை தருமபுரி ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் வரி ரசீது நகல்களோடு சேர்த்துக் கொடுங்கள். மனு எண் வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.

கேள்வி: மனுவில் எங்கள் நூலகர் அக்காவையும் கையெழுத்துப் போடச் சொல்லலாமா?
- அதே வாசகி

பதில்: வேண்டாம். அவர் சம்பளம் வாங்குவது அந்தத் துறையிடம். மனுவில் அவர் பெயர் இருந்தால் விளக்கம் கேட்டு அவருக்குத்தான் கடிதம் வரும். நீங்கள் கூட்டம் போடுவதையும் நூலகத்துக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். கோயில் மேடையோ, மகளிர் குழு கூடுகிற இடமோ இருக்கும் அல்லவா, அங்கே போடுங்கள். அக்காவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பதிவேட்டில் தாள் தீர்ந்தால் உடனே புதுசு வைக்கச் சொல்லி.