புகையிலைப் பொட்டலத்தில் இருக்கும் பயங்கரப் படம் யாரையாவது மாற்றியிருக்கிறதா?

என் சித்தப்பாவை மாற்றவில்லை. பாபநாசம் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். காலையில் அகத்தி நிழலுக்குள் நுழையும்போதே வெற்றிலை, பாக்குச் சீவல், சுண்ணாம்பு, ஒரு கிள்ளு புகையிலை என்று வாயில் அதக்கியிருப்பார். 2016 ஏப்ரலில் பொட்டலத்தின் 85 சதவீத இடத்தை எச்சரிக்கை அடைத்துக்கொண்டது. அதன்பின் அவர் புகையிலையைப் பழைய தகர டப்பாவில் கொட்டிக்கொண்டு, பொட்டலத்தைக் குப்பையில் போட ஆரம்பித்தார். படம் வேலை செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது? பயந்துதானே டப்பாவைத் தேடினார்!

பயந்தவர் ஆபத்தையும் குறைக்கலாம், பயத்தை மட்டும் குறைத்துக்கொள்ளவும் செய்யலாம். அடுத்து என்ன செய்வதென்று தெரியாவிட்டால் டப்பாதான் எளிது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1965-இல் ஹோவர்ட் லெவந்தாலும் உடன் ஆய்வாளர்களும் மாணவர்களிடம் டெட்டனஸ் பற்றிய சிறு கையேடுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பயமுறுத்தல் மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ 3 சதவீதம் பேர்தான் ஊசி போட்டுக்கொண்டார்கள். மருத்துவமனை குறிக்கப்பட்ட வரைபடத்தைக் கொடுத்து, எந்த நேரத்தில் போவாய் என்றும் யோசிக்க வைத்தபோது அது 28 சதவீதமானது. அந்த இடம் மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த இடம்தான். பயமே காட்டாமல் வரைபடம் மட்டும் கொடுத்ததும் பலிக்கவில்லை.

நான் செய்தது இன்னும் மோசம். 'வெற்றிலை ஒரு விஷம்' என்ற வீடியோவைச் சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "உன் அப்பா படித்ததே இந்த விஷத்தை விற்ற காசில்தான்" என்றார். இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கொடிக்காலைப் பழித்தவனிடம் நோயைப் பற்றி எதற்குக் கேட்க வேண்டும்?

பிறகு பல்வலிக்காக ஒரு மருத்துவரிடம் போனார். அந்த அம்மா மூன்று விரல்களைச் செங்குத்தாகச் சேர்த்து வாய்க்குள் நுழைக்கச் சொன்னார். இரண்டுதான் நுழைந்தன. பாக்கு மென்று மென்று கன்னத்தின் உட்புறம் நாராக இறுகியிருந்தது. "வெற்றிலையை நான் குறை சொல்லவில்லை ஐயா, பாக்கையும் புகையிலையையும் விடுங்கள்" என்றாராம். சமாதானத்துக்காகச் சொன்னதில்லை அது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத பாக்கையே 2004-இல் முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்திருக்கிறது. எதிரி சீவல் என்றதும் சித்தப்பாவின் காது திறந்துகொண்டது. முதலில் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய புகையிலையை நிறுத்துவது என்று அங்கேயே முடிவானது.

புகையிலை அடியோடு போய்விட்டது. சீவல் மட்டும் கல்யாண வீடுகளில் எட்டிப் பார்க்கிறது. சித்தி பார்த்துவிட்டால் பையில் ஒளிந்துகொள்ளும். வெற்றிலை கிள்ள வருகிறவர்களை வரப்பில் நிறுத்தி, மூன்று விரலை வாயில் நுழைத்துக் காட்டச் சொல்கிறார். என் வீடியோவை மட்டும் இன்னும் திறந்து பார்க்கவில்லை.