அடுப்பில் வைத்த கால்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு பேய்ப்படப் பைத்தியம். வயது 26, ஊர் லாஸ்பேட்டை. போன வாரம் பாண்டியில் ஒரு பேய்ப்படத்துக்கு இரவுக் காட்சி போயிருந்தேன், தனியாக. எனக்குப் பின்வரிசையில் ஐந்தாறு பேர். கதவு தானாகத் திறந்தால் சிரிப்பு, தொட்டில் ஆடினால் சிரிப்பு. எனக்கு வந்த கோபத்தில் பாதிப் படம் மண்டையில் ஏறவில்லை. வேடிக்கை என்னவென்றால், படம் முடிந்து வண்டி எடுக்கப் போகும்போது அதே கும்பல் செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் உரசியபடி நடந்தது.

இவர்களைக் கெடுத்தது பேய்க் காமெடிப் படங்கள்தான் என்பது என் கருத்து. 2007இல் முனி, 2011இல் காஞ்சனா, 2014இலிருந்து அரண்மனை மட்டுமே நான்கு. வளர்ந்த ஆண்பிள்ளை பயந்துபோய் அம்மா இடுப்பில் ஏறிக்கொள்வதெல்லாம் பேய்ப்படமா? மலையாளத்து மணிச்சித்திரத்தாழ் போலச் சுத்தமான ஒரு பேய்ப்படம் நம்மிடம் ஏன் இல்லை? தொல்காப்பியரே நகையையும் அச்சத்தையும் தனித்தனி மெய்ப்பாடாகத்தானே வைத்திருக்கிறார்? காமெடி கலக்காத பத்துத் தமிழ்ப் பேய்ப்படங்களின் பட்டியலை நீங்கள் தர வேண்டும்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் வயதுக்குத் தம்பி என்றே கூப்பிடுகிறேன். பட்டியல் கேட்கும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. ஆனால் இரண்டு வாரமாகச் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியை மறுபடி எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் பேய்கள் சமைக்கும் பகுதி வரும்போதெல்லாம் என் ஆயாவின் அடுப்படி நினைவுக்கு வந்து புத்தகத்தை மூடிவிடுகிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

முதலில் ஒரு திட்டு. மணிச்சித்திரத்தாழை நீங்கள் பார்த்தீர்களா, இல்லை யாரோ போட்ட பட்டியலில் பெயரைப் பார்த்தீர்களா? 1993இல் ஃபாசில் எடுத்த அந்தப் படத்தில் பேயே கிடையாது. இருப்பது மனநோய் கண்ட ஒரு பெண். அதைவிட முக்கியம், படத்தின் பெரும்பகுதி சிரிப்பு. நடிகர் இன்னசென்ட், மந்திரித்த தாயத்தும் கையுமாக அலைகிறார். குதிரவட்டம் பப்பு, தரையில் இல்லாத தண்ணீரைத் தாண்டித் தாண்டி நடக்கிறார். மோகன்லாலே முக்கால்வாசி நேரம் குறும்புதான் செய்துகொண்டிருக்கிறார். கடைசியில் ஷோபனா திரும்பிப் பார்க்கும்போது நமக்குச் சில்லிடுகிறதே, அது இத்தனை பேர் சிரிக்க வைத்த வீட்டுக்குள்தான் நடக்கிறது. 2005இல் சந்திரமுகியில் வடிவேலு திடீரென்று வானத்திலிருந்து குதித்து வரவில்லை. மூலத்திலேயே அவருக்கு இடம் போட்டு வைத்திருந்தார்கள்.

தொல்காப்பியர் விஷயம். எட்டு மெய்ப்பாட்டைத் தனித்தனியாகச் சொன்னார், சரி. எட்டுக்கும் எட்டுத் தனி வீடு கட்டிக் கொடுத்தாரா? அச்சம் வருவதற்கு அவர் நான்கு காரணம் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இறை என்றால் அரசன். பேய்க்கும் திருடனுக்கும் பக்கத்தில் அரசாங்கத்தை உட்கார வைத்தவருக்குச் சிரிக்கத் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. இதோடு இதை விடுவோம்.

நீங்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்றும் சொல்லவில்லை. ஒருவருடைய நிறத்தையும் பருமனையும் கேலி செய்துவிட்டு, நடுவில் ஒரு வெள்ளைப் புடவையைப் பறக்கவிட்டு, கடைசியில் அம்மன் கோயிலில் கொண்டுபோய் முடிக்கும் படங்களைப் பார்த்து நானும் தலையில் அடித்துக்கொள்பவன்தான். ஆனால் அவற்றின் கோளாறு காமெடி இருப்பதில் இல்லை. 1964இல் வந்த காதலிக்க நேரமில்லையில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அறை, இரண்டு பேர். சத்தமெல்லாம் நாகேஷின் வாயிலிருந்து வருகிறது. பாலையா பயப்படுகிறார். சிரிக்க வைப்பதற்காகப் பயப்படவில்லை, பயமாக இருப்பதால் பயப்படுகிறார். இன்றைய படங்களில் நாகேஷ் ஆகத் துடிப்பவர்கள் ஐந்து பேர் இருக்கிறார்கள். பாலையா ஒருவர்கூட இல்லை.

போகட்டும். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு இடம். அந்த டார்ச். நீங்கள் அதை வேடிக்கை என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். பயப்படாதவனுக்கு எதற்குத் தம்பி டார்ச்? தியேட்டர் வாசலில் விளக்கு இல்லையா? தொட்டில் ஆடியபோது அவர்கள் சிரித்தது ஏன் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டீர்கள்.

என் ஆயா வீடு கூத்தப்பாக்கத்தில். இன்றைக்கு அது முழுக்க மனை போட்டு வீடாகிவிட்டது. அன்றைக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லையும் பனைமரமும்தான். திருவந்திபுரம் போகும் சாலையில் ஒரு டூரிங் கொட்டாய் இருந்தது. நான் ஐந்தாவது படிக்கும்போது அங்கே விட்டலாச்சார்யாவின் ஜெகன்மோகினி வந்தது. 1978இல் எடுத்த தெலுங்குப் படம், எங்களுக்குத் தமிழ்க் குரலில் வந்து சேர்ந்தது. தரை டிக்கெட். ஆயா மணலைக் கூட்டி மேடு கட்டி என்னை அதன்மேல் உட்கார வைத்தாள். அவள் மடியில் வறுத்த மல்லாட்டை.

மோகினி ஒரு வீட்டுக்குள் புகுந்துகொண்டு சமைக்க உட்காருகிறாள். விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைக்கிறாள். கால் எரிகிறது, அடுப்பில் வேலை நடக்கிறது. கொட்டாய் கப்சிப். பெண்கள் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அப்போது ஆயா, பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்வதுபோல, ஆனால் கொட்டாய் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“வெறகு வாங்குற காசு மிச்சம்டீ.”

அப்படி ஒரு சிரிப்பு. ஆண்கள் பக்கத்திலிருந்து விசில். மிஷின் ஓட்டுகிறவர்கூட ஓட்டை வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தார் என்று ஆயா பிற்காலத்தில் சொல்லிக்கொள்வாள், அது அவளாகச் சேர்த்துக்கொண்டது. நானும் சிரித்தேன். சிரித்ததால் கண்ணைத் திறந்தேன். திறந்ததால் அந்தக் காலைப் பார்த்தேன். ஆயா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நான் கடைசிவரை கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றும் பார்க்காமல், நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் அதே பேச்சுதான். எங்களோடு நடந்த பெண்கள் ஆளுக்கு ஒரு காலை அடுப்பில் வைத்தார்கள். மாமியார் காலை வைக்கலாமா, அது ஈர விறகு, புகைதான் வரும் என்றெல்லாம் போயிற்று பேச்சு. பனைமரங்கள் வந்த இடத்தில் சிரிப்பு இன்னும் சத்தமாயிற்று. அது ஏன் என்று அன்றைக்குத் தெரியாது.

விடியற்காலம் ஆயா நெல் அவிக்க எழுந்துவிட்டாள். எனக்கு விழிப்புத் தட்டியது. திண்ணையில் படுத்தபடியே பார்த்தால் தோட்டத்தில் பெரிய அடுப்பு எரிகிறது. அதன் எதிரே ஆயா காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். இருட்டில் அவள் கால் எங்கே முடிகிறது, விறகு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவள் குனிந்து ஒரு விறகை உள்ளே தள்ளினாள். விறகுதான் என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு அதைச் சொல்ல யாரும் பக்கத்தில் இல்லை. கத்தவும் வரவில்லை. சினிமாவில் கத்தியிருந்தால் நானூறு பேர் சேர்ந்து கத்தியிருப்பார்கள்.

இது என் கதை. ஆயாவின் கதை மறுநாள் ராத்திரி. நடுச்சாமத்தில் என்னைத் தட்டி எழுப்பினாள். “தம்பி, கொல்லைக்குப் போவணும், துணைக்கு வாடா.” அறுபது வருஷமாகத் தனியாகப் போய் வந்த கொல்லை அது. சிம்னி விளக்கை எடுத்துக்கொண்டு வாசற்படி வரை வந்தோம். “முன்னாடி போடா” என்றாள். “நீ போ ஆயா” என்றேன். அவள் கால் என் கண்ணுக்கு எதிரே இருந்தால்தான் எனக்குத் தைரியம். நான் முன்னால் போனால்தான் அவளுக்குத் தைரியம். கடைசியில் இருவரும் ஒன்றாக, பக்கவாட்டில் இடித்துக்கொண்டு போனோம். இடித்துக்கொண்டதில் எனக்குச் சிரிப்பு வந்தது. “எதுக்குடா இளிக்கிற, சனியனே” என்று அவளும் சிரித்தாள்.

இப்போது பரணிக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். செயங்கொண்டாரின் பேய்களுக்குக் கை கால் முளைத்த கரும்பனங்காடு போல உடம்பு. நேற்றைவிட இன்றைக்கு மெலியும் பட்டினி. இதுவரை பயம். கலிங்கத்துப் போர் முடிந்து களத்தில் பிணம் குவிந்ததும் அந்தப் பேய்கள் கூழ் காய்ச்சக் கிளம்புகின்றன. அதற்கு முன்னால் என்ன செய்கின்றன தெரியுமா? பல் விளக்குகின்றன. ஒடிந்த யானைத் தந்தத்தால் பல்லைத் தேய்த்து, யானையின் விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. பந்தியில் சமணப் பேய் வந்து உட்கார்ந்தால், கொல்லா விரதக்காரர் ஆயிற்றே, ஒரு மயிர்கூடக் கிடக்காமல் துணியில் வடிகட்டி ஊற்று என்று உபசாரம் வேறு. வடிகட்டுவது எதை? மனித மூளையும் நிணமும் போட்டுக் காய்ச்சிய கூழை. ஒன்பது நூற்றாண்டுக்கு முன்னால், ஒரு பேரரசன் வென்ற போரைப் பாட வந்த புலவர் இதை எழுதியிருக்கிறார். ‘காமெடி கலக்காமல் பாடும்’ என்று குலோத்துங்கன் கடிதம் போட்டதாகத் தெரியவில்லை.

எனக்கு இதில் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்த அடுத்த நொடி, அது எவ்வளவு பிணம் என்று கணக்கு ஓடுகிறது. பல் விளக்கும் பாட்டு இல்லாமல் பிணக்குவியலை மட்டும் பாடியிருந்தால் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுப் போயிருப்பேன், கண்ணை மூடிக்கொண்ட பையனைப் போல.

நம் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் இதைத்தான். துகில் உரியும் இரவில் துச்சாதனன் கண்ணை உருட்டிக்கொண்டு வரும்போது பெண்கள் அழுவார்கள், சிலருக்குச் சாமியே வந்துவிடும். கட்டியங்காரன் ஓரமாக நின்று ஒரு வார்த்தை விடுவான். கூட்டம் குலுங்கும். நடுராத்திரி இரண்டு மணிக்குச் சிரித்த கூட்டம் தூங்காது. தூங்கிவிட்டால் துச்சாதனனுக்கு யார் பயப்படுவது? கடலூர்க்காரனாகிய எனக்கு இது தெரியும். பாண்டிக்காரராகிய உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வில்லியனூர்ப் பக்கம் கூத்து நடந்தால் போய்ப் பாருங்கள், செல்போனை அணைத்துவிட்டு.

அந்த இடுப்பில் ஏறும் ஆண்பிள்ளையை மறக்கவில்லை. காஞ்சனாவில் லாரன்ஸ் ராத்திரி பாத்ரூம் போக அம்மாவைத் துணைக்கு எழுப்புகிறார். கோவை சரளா திட்டிக்கொண்டே கூடப் போகிறார். உங்களுக்கு அது மட்டமாக இருக்கிறது. எனக்குச் சிம்னி விளக்கு மண்ணெண்ணெய் வாசனை அடிக்கிறது. கடலூரில் அந்தப் படத்தை நான் பார்த்தபோது, முதல் பாதியில் விழுந்து விழுந்து சிரித்த தியேட்டர், சரத்குமார் திருநங்கையாக வந்த பகுதியில் வாயைத் திறக்கவில்லை. முன்வரிசையில் விசிலடித்துக்கொண்டிருந்த ஒரு பையன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சிரிக்க வைத்துத்தான் அவனை உள்ளே கூட்டி வந்திருந்தார்கள்.

அப்புறம் உங்கள் பட்டியல். மறந்தே போய்விட்டேன். பத்தெல்லாம் வேண்டாம், நான்கு சொல்கிறேன்: யாவரும் நலம் (2009), பீட்சா (2012), மாயா (2015), அவள் (2017). இவற்றிலும் பின்வரிசைக்காரர்கள் சிரிப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘அவள்’ படத்தை நானும் உங்களைப் போலத் தனியாக, பாண்டியில், இரவுக் காட்சிதான் பார்த்தேன். சிரிக்க ஒரு ஆள்கூட இல்லை. உங்களுக்குப் பிடித்திருக்கும். முடிந்து கடலூருக்கு வண்டியில் வருகிறேன். முள்ளோடை தாண்டியதும் சாலையில் ஈ காக்கை இல்லை. இரண்டு பக்கமும் கரும்பனங்காடு. நல்லவேளையாக முன்னால் காலி மீன்பெட்டி ஏற்றிக்கொண்டு ஒரு குட்டியானை வண்டி போய்க்கொண்டிருந்தது. அதன் சிவப்பு விளக்கை விடாமல் பிடித்துக்கொண்டேன். அது வேகம் பிடித்தால் நானும் பிடித்தேன், குறைத்தால் குறைத்தேன். ரெட்டிச்சாவடி போயிற்று, பெண்ணையாற்றுப் பாலம் போயிற்று. ஆல்பேட்டையில் தெரு விளக்கு வந்த இடத்தில் அது ஓரமாக நின்றது. நானும் நின்றேன். டிரைவர் இறங்கவில்லை. கண்ணாடியை இரண்டு விரற்கடை மட்டும் இறக்கி, முதலில் என் காலைப் பார்த்தார்.

“ரொம்ப நேரமா பின்னாடியே வர்றீங்களே, யாருண்ணே நீங்க?”