செருப்பு தேய்ந்திருக்கிறதா?

கேள்வி: காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்களே, ஏன்? அது காதல் கதை என்கிறார்கள். காதலுக்கும் செருப்புக்கும் என்ன சம்பந்தம்?
(வாசகி, கடையம்)

சம்பந்தமே அந்தச் செருப்புதான். பட்டவராயன் என்று நாம் கும்பிடுவது முத்துப்பட்டனை. பிராமண வீட்டுப் பிள்ளை. காட்டு வழியில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கையின் பாட்டைக் கேட்டு மயங்கிப்போனான். அவர்கள் அப்பா வாலப்பகடை, செருப்புத் தைக்கிறவர். 'குடுமியை அறு, பூணூலைக் கழற்று, எங்களைப்போல் செருப்புத் தைத்துக் கொண்டு வா, அப்புறம் பெண் கேள்' என்றார். பட்டன் எல்லாவற்றையும் செய்தான். ஆனால் கல்யாணம் முடிந்த கையோடு மாட்டுக்கிடையைக் கள்ளர் வளைத்த சேதி வந்தது. போய் விரட்டினான். ஒளிந்திருந்த ஒருவன் குத்தியதில் செத்தான். பெண்கள் இருவரும் தீயில் இறங்கினார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஆடி அமாவாசைக்கு ஆச்சியோடு போயிருந்தேன். ஒரு செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். குதிங்கால் பக்கம் தோல் மழுங்கி, தையல் இடுக்கில் செம்மண் காய்ந்திருந்தது. "ஏல, கீழ வையி. ராத்திரி மாடு காக்கப் போயிட்டு வந்திருக்காவ" என்றாள் ஆச்சி. அவள் ஊரில் பாதிப் பேரை 'அவன் இவன்' என்றுதான் சொல்வாள். செருப்புத் தைத்தவனுக்கு மட்டும் 'காவ' போட்டாள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கொடையில் வில்லுப் பாடியவர், அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று பாடினார். எது சரி?
(வாசகர், வீரவநல்லூர்)

அப்படியும் ஒரு பாடம் உண்டு. கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். பெண்கள் பிராமணக் குழந்தைகள் என்றால், பட்டன் குடுமியை அறுத்தது எதற்கு? கடைசியில் ஜாதகம் பொருந்திவிட்டது என்று பந்தி போட்டுவிடலாமே! கதையைக் கேட்டுச் சங்கடப்பட்ட யாரோ பின்னால் செருகிய இடம் அது என்பது என் எண்ணம். நாட்டார் கதைகளைத் தேடித் தொகுத்த நாங்குநேரி நா. வானமாமலை, முத்துப்பட்டன் கதையையும் பதிப்பித்திருக்கிறார். தேடிப் படியுங்கள்.

கேள்வி: புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' படித்தேன். அகலிகை மறுபடி கல்லாவது தோல்விதானே?
(கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

தோல்வி என்று எனக்குப் படவில்லை. கதையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ராமன் கால்தூசி பட்டு எழுந்தவள் அவள். கோதமன் அவளை நம்பித்தான் கூட இருக்கிறான். ஆனால் ஊரார் கண்ணும் அவளுடைய பயமும் அவளை விடுவதில்லை. ராமன் ஒருவன் தன்னை அறிந்தவன் என்பதே அவளுக்குப் பிடிமானம். அப்போது சீதை வந்து, நெருப்பில் இறங்கியதைச் சொல்கிறாள். ராமனா கேட்டான் என்று அகலிகை பதறுகிறாள். உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்று சீதை சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நான் பல தடவை வாசித்திருக்கிறேன், இன்னும் பழகவில்லை. தன்னை மீட்டவனே சாட்சி கேட்டான் என்றால், மீட்டதற்கு என்ன அர்த்தம்? அவள் கல்லுக்குத் திரும்புவது கோபத்தில் என்றுதான் நான் படிக்கிறேன்.

வாலப்பகடையும் சாட்சிதான் கேட்டார் என்பீர்கள். கேட்டார். ஆனால் அவர் கீழே இருந்து மேலே பார்த்துக் கேட்டவர். அவர் பெண்களை நாளைக்கு இந்த ஐயர் விட்டுவிட்டுப் போனால் யார் வந்து கேட்பார்கள்? ராமனுக்கு அந்தப் பயம் கிடையாது.

ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று புதுமைப்பித்தனே முன்குறிப்பு போட்டிருக்கிறார். திருநெல்வேலிக் குசும்பு.

கேள்வி: நீங்கள் பட்டவராயனுக்குச் செருப்புக் கட்டியதுண்டா?
(வாசகர், அம்பாசமுத்திரம்)

ஒரே ஒரு தடவை, ஆச்சி போன வருஷம். தைத்துக்கொடுத்தவர் "என்ன அளவு சார்?" என்று கேட்டார். சாமிக்கு என்ன அளவென்று எனக்கு எப்படித் தெரியும்? என் காலை நீட்டினேன்.