சிரிக்காமல் கேட்பவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பசிபிக் கடலில் அமெரிக்காவின் வசமுள்ள குவாம் தீவின் பூர்வகுடிகளான சாமோரோ இளைஞர்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். கையில் பச்சை குத்திக்கொள்கிறார்கள், இனப்பெயர் பொறித்த சட்டை போடுகிறார்கள். ஆனால் பாட்டியிடம் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேச வரவில்லை. அவர்களுடைய சாமோரோ மொழியிலும் பாதி ஸ்பானியச் சொற்கள். இதில் எதை மீட்கப்போகிறார்கள்? பேசத் தெரியாத மொழியைச் சொல்லி அடையாளம் கொண்டாடுவது வெறும் வேஷமல்லவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஸ்பானியச் சொற்கள் உண்மைதான். 1668 முதல் இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் ஸ்பெயினின் கையில் இருந்த தீவு அது. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதுகூட இன்று ஸ்பானியத்தில்தான். ஆனால் 'குவெந்தோஸ்' என்ற ஸ்பானியச் சொல்லை எடுத்து, நடுவில் தன்னுடைய 'உம்' ஒட்டைச் செருகி, 'குமுவெந்தோஸ்' என்று ஆக்கிக்கொண்டது சாமோரோ. பேசுவது என்று பொருள். பிலிப்பைன்ஸ் மொழிகளிலும் இதே ஒட்டு உண்டு. இரவல் சொல்லைத் தன் இலக்கணத்துக்குள் இப்படி இழுத்துக்கொள்ளும் மொழியைக் கலப்படம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஏன் பேச வரவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. 1898இல் குவாமைக் கைப்பற்றிய அமெரிக்கக் கடற்படை, 1917இல் ஆங்கிலம் மட்டுமே ஆட்சிமொழி என்று ஆணையிட்டது. 1922இல் பள்ளிகளில் சாமோரோ தடைசெய்யப்பட்டது. அகராதிகளைத் திரட்டி எரித்தார்கள். வாய்தவறித் தாய்மொழியில் பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் பெற்றோரானபோது, நாம் பட்டது போதும் என்று தங்கள் குழந்தைகளிடம் ஆங்கிலமே பேசினார்கள். 1974இல் சாமோரோவும் ஆட்சிமொழியானது, பிறகு பள்ளிப் பாடமும் ஆனது. அதற்குள் வீட்டுப் பேச்சு மாறிவிட்டிருந்தது. இன்று பாட்டிமுன் திணறும் பெண் எதையும் கைவிட்டவள் அல்ல. அவள் கைக்கு அது வந்து சேரவே இல்லை.

பெரியவர்களைக் கண்டால் அவள் குனிந்து, அவர்கள் கையைத் தன் மூக்கருகே கொண்டுபோய் முகர்வாள். ஆணுக்கு 'ஞோட்', பெண்ணுக்கு 'ஞோரா' என்று சொல்லுவாள். அதில் பிசகே இருக்காது. அடுத்த வாக்கியத்தில்தான் நா ஒட்டிக்கொள்ளும். 'மமாஹ்லாவ்' என்று அவர்களிடம் ஒரு சொல் உண்டு: பெரியவர்முன் இருக்கவேண்டிய கூச்சம், அடக்கம். அது இல்லாதவரைத் 'தைமமாஹ்லாவ்' என்றால் கடும் வசை. அந்தக் கூச்சமே இப்போது வாயை அடைக்கிறது. தப்பாகச் சொன்னால் பெரியவர்கள் சிரிக்கிறார்கள், பிரியமான சிரிப்புதான். ஆனால் இருபது வயதில் அப்படி ஒரு தடவை பட்டால் போதும், மறுமுறை ஆங்கிலத்துக்கு ஓடிவிடுவார்கள்.

இதைத் தாண்டி வந்தவர்களும் இருக்கிறார்கள். அறிஞர் மைக்கேல் லுஹான் பெவாக்குவா வளர்ந்த பிறகுதான் தாத்தா பாட்டியிடம் மொழியைக் கற்றார். பிறகு தன் பிள்ளைகளிடம் சாமோரோவில் பேசினார். அந்தத் தாத்தா பாட்டியின் பொறுமையை எண்ணிப் பார்க்கிறேன்.

அதனால் பச்சைகுத்தலை வேஷம் என்று என்னால் சொல்ல முடியாது. ஏங்குகிறவர்கள் வாசல்வரை வந்து நிற்கிறார்கள். பாட்டி அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டாயா?" என்று சாமோரோவில் கேட்கட்டும். சாப்பிடுவது 'சுமோச்சு', அதிலும் அந்த 'உம்' இருக்கிறது. பேத்தி அந்த ஒட்டை விட்டுவிட்டுப் பதில் சொன்னால், பாட்டி சோற்றைப் பரிமாறியபடியே சரியாக ஒருமுறை சொல்லட்டும். சிரிக்க வேண்டாம்.

அன்புடன்.