அறிவியலில் காரணம் எழுதுவது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். சோதனை முடிந்ததும் கூற்று, சான்று, காரணம் என்று மூன்று தலைப்பு கொடுத்து எழுதச் சொல்கிறேன். முதல் இரண்டையும் எழுதிவிடுகிறார்கள். காரணம் என்ற இடத்தில் சான்றையே திருப்பி எழுதுகிறார்கள். இல்லாவிட்டால் ‘சோதனை மூலம் நிரூபிக்கப்பட்டது’ என்று முடித்துவிடுகிறார்கள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது? எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கலாமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

பிள்ளைகள் சோம்பலால் அப்படி எழுதுவதில்லை. பாடச் சோதனைகள் பலவற்றில் விடை முன்பே தெரியும். யாரும் மறுக்காத ஒன்றுக்கு எதற்குக் காரணம் சொல்ல வேண்டும்? வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிகிற கேள்விதான் முதல் தேவை. தனி ஊசல், அதாவது நூலில் கட்டித் தொங்கவிட்ட குண்டு, அதற்கு வாகானது. ‘குண்டு கனமானால் அலைவு நேரம் (ஒருமுறை போய்த் திரும்பி வரும் நேரம்) மாறுமா?’ என்று கேட்டு, சோதனைக்கு முன்பே ஒவ்வொருவரும் தன் கட்சியை நோட்டில் எழுதிவிடட்டும்.

நூல், குண்டாகக் கட்ட ஒரே அளவு இரும்பு நட்டுகள், கைபேசியிலுள்ள ஸ்டாப்வாட்ச் போதும். நூல் கட்டிய இடத்திலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை 50 செ.மீ. இருக்கட்டும். பக்கவாட்டில் 8, 9 செ.மீ.க்கு மேல் இழுக்க வேண்டாம். 10 அலைவுகளுக்கான நேரத்தை மூன்று முறை எடுக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் 14.2 விநாடியை ஒட்டி வரும்.

ஒரு குழுவுக்கு மட்டும் 12.8 வந்தால், கையை விட்ட கணத்திலேயே ‘ஒன்று’ என எண்ணியிருப்பார்கள். ஒரு அலைவு குறைந்துவிட்டது. ‘பூஜ்யம்’ என்று தொடங்கச் சொல்லுங்கள். இன்னொரு தவறு கண்ணில் படாது. மூன்று நட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டால் எடையோடு ஊசலின் நீளமும் கூடிவிடும். 1.7 செ.மீ. நீளம் கூடினாலே 10 அலைவுகளுக்குக் கால் விநாடி ஏறும். அந்தக் குழு ‘கனமானால் மெதுவாக ஆடும்’ என்று சான்றோடு எழுதும்! மூன்றையும் ஒரே மட்டத்தில் கொத்தாகக் கட்ட வேண்டும். ஆனால் அப்படி ஒரு குழு செய்துவிட்டால் உடனே திருத்தாதீர்கள். அதன் எண்களையும் கரும்பலகையில் எழுதி, ‘இந்தச் சான்றை ஏற்கலாமா?’ என்று மற்றவர்களைக் கேளுங்கள். வாதம் அங்கேதான் சூடு பிடிக்கும்.

இப்போது காரணத்துக்கு வருவோம். ஒரு நட்டுக்கு 14.1, 14.3, 14.2, மூன்று நட்டுக்கு 14.3, 14.2, 14.4 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 14.2, 14.3. ‘0.1 விநாடி அதிகம், எனவே கனமானது மெதுவாக ஆடுகிறது’ என்று பாதிப் பேராவது எழுதக்கூடும். சொல்லிக்கொடுக்க வேண்டிய இடம் இதுதான். ஒரே நட்டை மறுபடி ஆட்டும்போதே 0.2 விநாடி வித்தியாசம் வருகிறதே, அது எதனால் என்று கேளுங்கள். பொத்தானை அழுத்துகிற கை என்பார்கள். அடுத்து நூலை 25 செ.மீ. ஆக்கச் சொல்லுங்கள், நேரம் 10 விநாடிக்கு இறங்கிவிடும். ஒரு பக்கம் 0.1, இன்னொரு பக்கம் 4 விநாடிக்கு மேல். இரண்டையும் பார்த்த பிள்ளை இப்படி எழுதும்: ‘எடை மூன்று மடங்கானபோது வந்த வித்தியாசம், ஒரே எடையைத் திரும்ப அளக்கும்போது வரும் வித்தியாசத்தைவிடக் குறைவு. அதனால் அது எடையால் வந்தது என்று சொல்ல முடியாது.’ இதுதான் காரணம். சான்று என்ன பார்த்தோம் என்கிறது. காரணம் அதை ஏன் நம்பலாம், அதிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்கிறது. ‘நிரூபிக்கப்பட்டது’ என்பதற்குப் பதில் ‘ஒன்று முதல் மூன்று நட்டு வரை’ என்று எல்லை போட்டு எழுதப் பழக்குங்கள்.

எழுதும் முன் பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல்லட்டும். கேட்பவர் ‘அதனால் என்ன?’ என்று ஒருமுறையாவது கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு வருகிற பதிலைத்தான் காரணம் என்ற இடத்தில் எழுத வேண்டும். தொடக்கத்தில் ‘இந்த எண்கள் என் கூற்றுக்கு ஏன் பொருந்துகின்றன என்றால்…’ என்று பாதி வாக்கியம் கொடுங்கள். நான்காவது சோதனைக்குள் அதையும் மூன்று தலைப்புகளையும் எடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் ஏழாம் வகுப்பு வேதியியல் பாடத்தை வைத்து மெக்நீல், கிராஜ்சிக் முதலானோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய உதவி படிப்படியாகக் குறைந்த மாணவர்கள், கடைசிவரை உதவி பெற்றவர்களைவிடக் காரணத்தை நன்றாக எழுதினார்கள்.

மதிப்பெண் 6 என்றால் கூற்றுக்கு 1, சான்றுக்கு 2, காரணத்துக்கு 3 போடுங்கள். தவறான கூற்றாக இருந்தாலும், தன் எண்களிலிருந்து நேர்மையாக அங்கே போய்ச் சேர்ந்திருந்தால் காரணத்துக்கு உரியதைக் குறைக்க வேண்டாம். எழுத்துப்பிழைக்கு இதில் கை வைக்காதீர்கள். எண்ணோடு அலகு விட்டுப்போனால் மட்டும் குறையுங்கள். அது சான்றில் உள்ள ஓட்டை. ‘அலைவு’, ‘விநாடி’ போன்ற ஐந்தாறு சொற்களைப் பலகை ஓரத்தில் எழுதி வைத்துவிட்டால் பாதிப் பிழை குறையும். மீதியைத் தமிழ் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.