பழைய பாத்திரம், பழைய பலகை, புது வராந்தா: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ரோஸ் ஹில்லிலிருந்து: அக்கா, பாட்டி வீட்டுப் பித்தளை அண்டா ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. துளை போட மனசு வரவில்லை. அப்படியே செடி வைக்கலாமா?

துளை போடாதீர்கள் தங்கச்சி. செடியைத் துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு, அண்டாவுக்குள் ஒரு செங்கல் போட்டு அதன் மேல் வையுங்கள், ஆனால் கூரைக்கு அடியில் மட்டும், மழை விழுந்தால் அடியில் தண்ணீர் தேங்கும், அப்புறம் கொசுதான். 2005-06இல் நம் மொரீஷியசில் சிக்குன்குன்யா பரவியதை இன்னும் பலர் மறக்கவில்லை. அதைப் பரப்புகிற புலிக்கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். காய்ந்து கிடந்தாலும் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் ஏறினால் பொரிந்துவிடும். அதனால் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்பக்கத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்கவும் வேண்டும். அலங்காரம் எவ்வளவு அழகாக இருந்தாலும், தண்ணீர் வடிய வழி இல்லாத பொருளை வெளியே வைக்கவே கூடாது என்பேன்.

மாஹேபூரிலிருந்து: பால்மாவு டின்களுக்குப் பெயிண்ட் அடித்துத் தொங்கவிட்டேன், சீக்கிரமே துருப்பிடித்துவிட்டது.

கடலோர உப்புக்காற்றில் தகரம் நிற்காது தம்பி. அடிபட்ட அலுமினியச் சட்டி, எவர்சில்வர் வடிதட்டு இவற்றை எடுங்கள். இன்னும் நல்லது, கெட்டுப்போன வாஷிங் மெஷினின் உள் டிரம். பெரும்பாலும் எவர்சில்வர், சுற்றிலும் துளை ஏற்கெனவே இருக்கும். உள்ளே பழைய சாக்கை விரித்து மண் நிரப்பினால் ஒரு கறிவேப்பிலைக் கன்று தாராளமாக வளரும்.

கியூர்பிப்பிலிருந்து: சரக்கு இறக்கும் பேலட் பலகையில் பெஞ்சு செய்யலாமா?

செய்யலாம், முதலில் பக்கவாட்டில் உள்ள முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' (HT) என்றால் சூடேற்றிப் பூச்சி நீக்கிய மரம், தைரியமாக எடுக்கலாம். 'எம்.பி.' (MB) என்றால் மீதைல் புரோமைடு என்ற விஷவாயு போட்டது, குழந்தைகள் உட்காரும் இடத்துக்கு வேண்டவே வேண்டாம். உங்கள் ஊர்த் தூறலுக்குக் கால்கள் ஈரத்தரையில் பட்டால் மக்கிவிடும், செங்கல் மேல் நிறுத்துங்கள்.

கூட்லண்ட்ஸிலிருந்து: பழைய ஜன்னல் சட்டம், கெட்டில், விளக்கு எல்லாம் சுவர் முழுக்க மாட்டியிருக்கிறேன். சைக்கிளோன் வந்தால்?

ஆணியில் அறையாமல் கொக்கியில் மாட்டுங்கள், கழற்றுவது சுலபம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை எதை மாட்டினாலும், யார் கழற்றுவது, வீட்டுக்குள் எங்கே வைப்பது என்று முன்பே பேசி வையுங்கள். வானிலை நிலையத்தின் முதலாம் சைக்கிளோன் எச்சரிக்கை வந்ததுமே இறக்கிவிடுங்கள், காற்று ஏறிய பிறகு ஏணியில் நிற்க முடியாது. ஜன்னல் சட்டத்தில் கண்ணாடி இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: டயரில் கீரை போடலாமா?

கீரை வேண்டாம், பூச்செடி போடுங்கள். படுக்கவைத்த டயரின் உள்மடிப்பில் தண்ணீர் நிற்கும், அடிப்பக்கத்தில் நாலைந்து இடத்தில் துளை போட்ட பிறகே மண்ணை நிரப்புங்கள்.